பெட்ரோல் தொட்டியின் தலையிலிருந்து பிஸ்வாஸ் இறங்கிய கதை

போன மாதம் எங்கள் பழைய எண்ணெய்க் கிடங்கிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பெட்ரோல் தொட்டியில் புதிதாக ஒரு கருவி மாட்டுகிறோம், வந்து பாருங்கள் என்று. ஓய்வு பெற்றவனைக் கூப்பிட ஆள் இருக்கிறது என்பதே பெரிய சந்தோஷம். குளித்து, திருநீறு பூசி, என் வீடு இருக்கும் டெலானிபூர் மேட்டிலிருந்து இறங்கிப் போய்விட்டேன்.

தொட்டிக்குள் எண்ணெய் எதுவரை ஏறியிருக்கிறது என்று வெளியே இருந்தபடியே சொல்லும் கருவி அது. பொசிஷன் சென்சார் என்றார்கள். தொட்டிக்குள் மின்சாரமே போகாதாம். தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் மட்டும் போய்த் திரும்புமாம். மின்சாரப் பெட்டியெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம்.

"உங்க காலத்துல இதுக்கு என்ன ஐயா வச்சிருந்தீங்க?" என்று அங்கிருந்த இன்ஜினியர் பெண் கேட்டாள்.

"பிஸ்வாஸை வச்சிருந்தோம்மா."

"அது எந்த ஊர் மேக்?"

"கிழக்கு வங்காளம்."

அவள் நிஜமாகவே யோசித்தாள். பிஸ்வாஸ் ஒரு மனிதர் என்று நான் சொன்னதும் அந்த அறையே சிரித்தது. சிரித்து முடித்ததும், இதை எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். முருகன் துணை.

நான் எட்டாவது வரை படித்தவன். இராமநாதபுரம் பக்கம். சென்னையில் ஒரு பட்டறையில் அடி, திட்டு, டீ எல்லாம் வாங்கி ஃபிட்டர் வேலை கற்றுக்கொண்டேன். அறுபதுகளில் அந்தமானில் அரசு வேலை என்றதும் கப்பல் ஏறினேன். வாந்தி எடுத்ததைத் தவிர அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போர்ட் பிளேரில் கடலை ஒட்டிய எண்ணெய்க் கிடங்கில் போட்டார்கள். கடைசிவரை அங்கேதான்.

கிடங்கு வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே போகிறவர்கள் பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். லாடம் அடித்த செருப்பைக் கழற்ற வேண்டும். எனக்குப் பீடிப் பழக்கம் இல்லை என்பதால் முதல் நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். காவல்காரர் என் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, கற்பூர வில்லையை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

"பகவான் கேட்டுக்கு வெளியே, பாய்" என்றார். பாய் என்றால் இந்தியில் சகோதரன்; அங்கே எல்லோருக்கும் எல்லோரும் பாய்தான்.

"பகவான் உள்ளயும் வருவாரு. கற்பூரந்தான் வராது" என்றேன்.

ஆயுதபூஜைக்குக்கூட ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றி, வாசலுக்கு வெளியே நல்ல தூரம் கொண்டுபோய்த்தான் தீபாராதனை காட்டுவோம். தொட்டியை மட்டும் வண்டியில் ஏற்ற முடியாது. அது உள்ளே இருந்தபடியே கும்பிடு வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் பெட்ரோலின் ஆவி. அது புகை மாதிரி மேலே போய்விடாது. தண்ணீர் மாதிரி தரையோடு வழிந்து, பள்ளம் பார்த்து ஓடும். கண்ணுக்குத் தெரியாது. எங்கேயாவது ஒரு பொறி கிடைத்தால் போதும், அங்கிருந்து நெருப்பு தொட்டிவரை திரும்பி வரும்.

இனி பிஸ்வாஸ். பெரார்கஞ்ச் பக்கம் அகதிகளுக்கான குடியேற்றத்தில் அரசிடம் நிலம் பெற்ற வங்காளிக் குடும்பம். தம்பிமார் நெல் விவசாயம், இவர் கிடங்கில் வேலை. நாங்கள் எல்லோரும் பிஸ்வாஸ் தாதா என்போம். தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். இன்றைய சினிமாத் தாதா இல்லை. எங்களோடு பழகி ஒரு தினுசான தமிழ் பேசுவார்.

மெயின்லேண்டிலிருந்து எண்ணெய்க் கப்பல் வந்து, ஜெட்டியிலிருந்து குழாய் வழியாக எங்கள் தொட்டிக்குப் பெட்ரோலை ஏற்றும். நிரம்பும் நேரம் பார்த்து நிறுத்தாவிட்டால் வழிந்துவிடும். மட்டம் காட்டுவதற்கென்று இருந்த பழைய முள்ளும் பலகையும் நான் வருவதற்கு முன்பே உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்துப்போயிருந்தன. அதனால் தாதாதான் தொட்டியின் தலையில் ஏறி, மூடியைத் திறந்து, பித்தளை அளவுகோலை விட்டு விட்டு எடுத்துப் பார்ப்பார். நிறுத்த வேண்டும் என்றால் சிவப்புக் கொடி.

திறந்த மூடி வழியாக ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். முதலில் ஆளுக்கு உற்சாகம் வரும். பிறகு பாட்டு வரும். தாதா வங்காளப் பாட்டை எடுத்தால் கீழே நாங்கள் உஷாராகிவிடுவோம். ஏனென்றால் அடுத்தது மயக்கம். அதற்காக அவர் தன் சிவப்புக் கட்டம் போட்ட துண்டை, கம்சா என்பார், இடுப்பில் சுற்றி மறுமுனையைக் கைப்பிடிக் கம்பியில் முடிந்துகொள்வார்.

"மயக்கம் வந்தா விழ மாட்டேன், பாய். தொங்குவேன்" என்று சிரிப்பார்.

ஒரு தடவை நிஜமாகவே தொங்கினார். பாட்டு பாதியில் நின்றது. நானும் இன்னொருவரும் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு ஏறி இறக்கினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர், இந்த மனிதரை இன்னொரு தடவை அந்த மூடிக்கு மேல் நிறுத்தினால் என்னிடம் கொண்டுவர வேண்டாம், பலன் இருக்காது என்று சொல்லிவிட்டார். ஆனால் தாதா இறங்கினால் வேறு ஒருவர் ஏற வேண்டும். எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. "எனக்குப் பழகிப்போச்சு, நானே ஏர்றேன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் சாமுவேல் சார் எங்களுக்கு அசிஸ்டெண்ட் இன்ஜினியராக வந்தார். நாகர்கோவில்காரர். சிகரெட்டை விட்டுவிட்டுக் கிராம்பை மெல்லுகிறவர். எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். கேள்வி கேட்பார், பதில் சொல்லிக்கொண்டு வரும்போதே அது வேண்டாம் என்று நமக்கே தெரிந்துவிடும். புதுச் சாமான் எது வந்தாலும் கொட்டகையில் பெஞ்சு மேல் வைத்து, கூட்டுகிறவர் வரை எல்லோரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒன்றும் தோன்றாவிட்டால் "கனமா இருக்கு" என்றாவது சொல்ல வேண்டும்.

அவர் வந்த புதிதில் தாதாவின் மனைவி பெரார்கஞ்சிலிருந்து பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சாஹிப், இவர் துணியை எத்தனை தரம் தோய்ச்சாலும் பெட்ரோல் வாடை போகல. பிள்ளைங்க பக்கத்துல படுக்க மாட்டேங்குது" என்று இந்தியில் சொன்னாள். அழவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சார் கிராம்பை மெல்லுவதை நிறுத்தினார். "அடுத்த கப்பலுக்கு இவர் மேல ஏற மாட்டார்" என்று சொல்லிவிட்டார். கையில் ஒரு வழியும் இல்லாமலே சொல்லிவிட்டார்.

தொட்டிக்குள் ஒரு மிதவை கிடக்க வேண்டும். அது மேலே வந்ததும் ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டும். வெளியே மணி அடிக்க வேண்டும். யோசனை இவ்வளவுதான். ஆனால் சுவிட்ச் என்றாலே பொறி. அதற்கென்று நெருப்பை வெளியே விடாத பெட்டிக்குள் அடைத்த சுவிட்ச் கல்கத்தாவிலிருந்து வந்தது. வார்ப்பிரும்புப் பெட்டி. பெஞ்சு முனகியது. "கனமா இருக்கு" என்று எல்லோருமே சொன்னோம்.

எங்களில் அதிகம் சந்தோஷப்பட்டவர் தாதாதான். தன்னை இறக்கிவிட வந்த சாமி மாதிரி அந்தப் பெட்டியைத் துடைத்தார். இரண்டு நாள் கழித்துச் சாரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"சார், மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல சந்து இருந்துச்சு. நான் சைக்கிள் டியூப் வெட்டி வச்சிட்டேன். இனி ஒரு சொட்டு பானி உள்ளே வராது!"

எங்களுக்கெல்லாம் அது சரியாகத்தான் பட்டது. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை கொட்டும் ஊர். சந்தைக் கண்டால் அடைப்பது எங்கள் கைகளுக்கு ஊறிய பழக்கம். கூரை, படகு, டிரங்குப் பெட்டி, எதையும் விட மாட்டோம்.

சார் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினார்.

"தாதா, இந்தப் பெட்டி தண்ணிய வெளிய நிறுத்துகதுக்கு வந்ததில்ல. நெருப்ப உள்ள நிறுத்துகதுக்கு வந்தது. ஆவி எப்படியும் உள்ள வரும். சுவிட்ச்ல பொறி விழும். உள்ளயே டப்புன்னு வெடிக்கும். அந்தச் சூடு, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல இருக்கற இந்த ஒடுக்கமான சந்து வழியா வெளிய வாறதுக்குள்ள ஆறிப்போகும். அந்தச் சந்துதான் இந்தப் பெட்டிக்கு உயிரு. ரப்பரக் குடுத்தா அந்தக் கணக்கெல்லாம் போச்சு."

தாதாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப டியூப்பை எடுத்துடறேன், சார்."

"எடும். எடுத்துட்டு, கரன்ட் குடுக்காம மழையில வச்சுப் பாப்போம்."

ஒரு மழை மாதம் முழுக்க வைத்தோம். திறந்தால் உள்ளே துரு. ஒரு மூலையில் எறும்பு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மூடியும் பெட்டியும் சேரும் இரும்பு முகங்கள் அம்மை போட்ட மாதிரி குழிந்திருந்தன. சார் விரலால் தடவிப் பார்த்தார்.

"பெட்டியக் குத்தம் சொல்ல முடியாது வே" என்றார் என்னிடம். "இது நல்ல சாமான். ஆனா இந்த ஊர்ல, இந்த மழையில, நான் இல்லாத ஒரு நாள் யாராவது நல்ல மனசோட இதுல தாரப் பூசிருவான். சாமானத் தேர்ந்தெடுக்கும்போது அதத் தொடப்போற கையையும் சேத்துப் பாக்கணும்லா."

பெட்டி தள்ளுபடி. அடுத்த கப்பல் வரும் செய்தி வந்துவிட்டது. தாதா தன் கம்சாவை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வாரம் எங்கள் குன்றின் மேல் முருகன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். யாகசாலை ஒரு பக்கம், கருவறை ஒரு பக்கம். யாகத்தின் சக்தியை மூலவருக்குச் சேர்க்க, குண்டத்தின் பக்கத்திலிருந்து மூலவர் வரைக்கும் தர்ப்பையும் நூலும் சேர்த்த கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஸ்பரிசாகுதி என்பார்கள். நெருப்பு இருந்த இடத்தில் இருக்கும். போக வேண்டியது மட்டும் நூல் வழியாகப் போகும். கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றவன் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி சன்னதியில் பெட்ரோல் தொட்டியை நினைத்ததற்கு முருகன் மன்னிக்கட்டும் என்று அப்போது வேண்டிக்கொண்டேன். இப்போது அப்படி வேண்ட மாட்டேன். நினைக்க வைத்தவனே அவன்தானே.

மறுநாள் கொட்டகையில், இனி என்ன வழி என்று சார் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு வந்தார்; என் முறை வந்தபோது சொன்னேன்.

"சார், சுவிட்ச் வேலிக்கு வெளியவே இருக்கட்டும். கம்பி மட்டும் உள்ள போகட்டும்." கோயிலில் பார்த்ததையும் சொன்னேன்.

சார் தேவாலயத்துக்குப் போகிறவர். ஆனாலும் கயிறு எங்கே தொடங்குகிறது, எதில் கட்டுகிறார்கள், எவ்வளவு தூரம் என்று விவரமாகக் கேட்டார். மிதவை ஏறினால் கம்பியை இழுத்து, வெளியே சுவிட்சைத் தட்டுகிற மாதிரி நான் தரையில் கரியால் வரைந்து காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. கம்பி அறுந்தா என்ன சொல்லும்?"

எனக்குப் புரியவில்லை. "அறுந்தா... ஒண்ணும் சொல்லாது சார்."

"தொட்டி நிறையாதப்பவும் ஒண்ணும் சொல்லாது. அறுந்தாலும் ஒண்ணும் சொல்லாது. ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படி வே தெரியும்?"

சார் எழுந்து வந்து என் படத்தைக் காலால் அழித்துவிட்டுத் திருப்பி வரைந்தார். வெளியே ஒரு குடிசை; அதில் ஓர் எடைக்கல் கம்பியில் தொங்கும். தொட்டிக்குள் மிதவையின் கனம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். மிதவை ஏற ஏற எடைக்கல் இறங்கும். கீழே வந்து உட்கார்ந்தால் சுவிட்ச், மணி. நடுவில் கம்பி அறுந்தாலும் எடைக்கல் பொத்தென்று விழும்; அப்போதும் மணி.

"கோளாறு வந்தாலும் நிறுத்துன்னுதான் கத்தணும்" என்றார்.

பிறகு என் யோசனைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட ஆரம்பித்தார். மழை படாமல் கம்பியைக் குழாய்க்குள் விடலாம் என்றேன். "விடும். பெட்ரோல் ஆவியும் அதே குழாய்ல சொகுசா நடந்து குடிசைக்கு வரும்" என்றார். ஆகவே கம்பி திறந்தவெளியில், கம்பங்களின் மேல். இரும்பில் இரும்பு உரசக் கூடாது. பித்தளைக் கப்பி, வெண்கலக் கம்பி. குடிசை மேட்டில், வேலியை விட்டு நன்றாகத் தள்ளி.

"சரி. கம்பி அறுகல, எங்கயாவது சிக்கிக்கிட்டா?"

மூலையிலிருந்து தாதாவின் குரல் வந்தது.

"கப்பல்ல பம்ப் ஓடுது, கல்லு மட்டும் நகரலைன்னா, குச் கடபட் ஹை, ஏதோ கோளாறு. நான் குடிசைல உக்காந்து கல்லையே பாத்துட்டு இருப்பேன், சார். பின்னாடி பலகைல கோடு போட்டுத் தாங்க. நகரலைன்னா சிவப்புக் கொடி."

"பாட்டுப் பாடாமப் பாப்பீரா?"

"அது பெட்ரோல் பாடினது சார், நான் இல்லே!"

வேலை மும்முரமாக நடந்தது. தாதா பலகைக்கு வெள்ளை அடித்து, கோடுகளைத் தானே போட்டார். கடைசிக் கோட்டுக்குச் சிவப்பு; அவர் கம்சாவின் அதே சிவப்பு.

கப்பல் வந்த அன்று வானம் மூட்டமாக இருந்தது. காற்று விட்டு விட்டு அடித்தது. சார், கல்லைக் கையால் கீழே இழுத்து உட்காரவைத்து மணி அடிக்கிறதா என்று பார்த்த பிறகே பம்புக்குச் சம்மதம் கொடுத்தார். தாதா குடிசையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கல் மெல்ல இறங்க ஆரம்பித்தது. நான் உள்ளுக்குள் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாதி வழிகூட வந்திருக்காது. மணி அலறியது.

தாதா சிவப்புக் கொடியோடு வெளியே ஓடிவந்தார். பம்பு நின்றது. கப்பலின் அதிகாரி ஜெட்டியிலிருந்து வேகமாக வந்தார். கடல்மட்டம் இறங்குவதற்குள் கிளம்ப வேண்டிய அவசரம் அவருக்கு.

"இதுவரைக்கும் நாங்க குடுத்த எண்ணெய்க்குத் தொட்டி பாதிகூட நிரம்பியிருக்காது. உங்க மணிக்குப் பைத்தியமா? போன தடவை ஒரு ஆள் மேலே நின்னாரே, அவரை ஏத்துங்க. வேலையை முடிங்க!"

எல்லோரும் தாதாவைப் பார்த்தோம். அவர் யாரையும் பார்க்கவில்லை. தோளிலிருந்த கம்சாவை எடுத்து இடுப்பில் சுற்ற ஆரம்பித்தார்.

"தாதா, உக்காரும்" என்றார் சார்.

"சார், ஒரு தடவைதானே..."

"உக்காரும்வே! மணி அடிச்சா நிறுத்தணும். ஏன் அடிச்சுதுங்கது அடுத்த சோலி."

சார் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கம்பி போகும் வழியே நடந்தோம். வேலியோரத் தென்னையிலிருந்து ஒரு காய்ந்த மட்டை விழுந்து கம்பியை அறுத்துப் போட்டிருந்தது.

"பார்த்தீங்களா? பொய் மணி!" என்றார் கப்பல் அதிகாரி.

"பொய் சொல்லல சார். 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லிச்சு. தெரியாததத் தெரியலன்னு சொல்லுக சாமான் கிடைக்கது லேசுல்ல" என்று சார் அவரிடமே தமிழில் சொல்லிவிட்டு, பிறகு இந்தியில் அதையே மரியாதையாகச் சொன்னார்.

கம்பியை இணைத்தேன். தென்னை மட்டைகளைக் கழித்தோம். சார் மறுபடியும் முதலிலிருந்து கல்லைக் கீழே இழுத்து எல்லாம் பார்த்தார். அதற்குள் கடல்மட்டம் இறங்கிவிட்டது. கப்பல் ஒரு நாள் தங்க வேண்டியதாயிற்று. மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. சார் நின்றபடியே "எஸ் சார், எஸ் சார்" என்று திட்டு வாங்கி, போனை வைத்துவிட்டு ஒரு கிராம்பை வாயில் போட்டார். எண்ணெய் ஏறத் தொடங்கியது. கல் இறங்கியது, இறங்கியது, சிவப்புக் கோட்டுக்கு வந்து உட்கார்ந்தது. மணி அடித்தது. தாதா கொடியைக் காட்டினார். பம்பு நின்றது.

மறுநாள் ஆவி அடங்கிய பிறகு சார் தானே தொட்டி மேல் ஏறி, அளவுகோலை விட்டுப் பார்த்தார். மேலேயிருந்தே சரி என்று தலையை ஆட்டினார். அந்தக் கல்லும் மணியும் நான் ஓய்வு பெறும்வரை இருந்தன. கம்பி அறுந்த தடவையெல்லாம் மணி அடித்தது. அடித்த தடவையெல்லாம் நிறுத்தினோம். போன மாதம் அந்த இன்ஜினியர் பெண்ணிடமும் நான் கேட்டது சாரின் கேள்வியைத்தான்: "கண்ணாடி நூல் அறுந்தா என்னம்மா சொல்லும்?" அவள் தயங்காமல், "வெளிச்சம் திரும்பி வரலைன்னா அலாரம் அடிச்சிடும் ஐயா" என்றாள். மனசு குளிர்ந்தது.

அந்தக் கப்பல் போய் நாலைந்து வாரம் இருக்கும். ஒரு காலை, தாதா பெரார்கஞ்சிலிருந்து ஒரு பாத்திரத்தோடு என் வீட்டு வாசலில் நின்றார். வீட்டில் மனைவி பாயசம் செய்தாளாம். உங்கள் முருகனுக்கு முதலில் வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கச் சொன்னாளாம். பாத்திரத்தின் வாயைத் தாதாவின் அதே சிவப்புக் கட்டம் போட்ட கம்சாவால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

சாமி படத்துக்கு முன்னால் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். பாலும் வெல்லமும் மணந்தன. எதற்கோ தோன்றி, அந்தத் துண்டைத் தனியாக எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். சோப்பு வாடை அடித்தது. வேறு ஒன்றும் இல்லை.